பூஜையில் வைத்த பாஸ் கிட்டார்

தவசி ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரில் எந்தப் பெயர் காதில் விழுந்தாலே தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியிருந்ததோ, அந்த அரச வம்சத்துப் பெயரையே சிங்கப்பூரில் பிறந்த தன் மகனுக்கு வைத்தார். சேதுபதி. முனிசிபல் குவாட்டர்ஸில் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

"ராஜாவுக்கு எப்ப வாளி குடுக்கப்போற?" என்று கேட்டார்கள்.

"கடலத் தாண்டியாச்சு. இங்க எவன் வந்து கேக்கப்போறான்?" என்றார் தவசி.

கேட்கத்தான் செய்தார்கள். கப்பலேறிய தமிழன் வீட்டை விட்டான், நிலத்தை விட்டான், பெற்ற தாயைக்கூட விட்டான். சாதியை மட்டும் வேட்டி மடிப்பில் முடிந்து பத்திரமாகக் கொண்டுவந்தான். தவசி சாக்கடை அடைப்பு எடுக்கும் பிரிவில் இருந்தார். மழைக்காலத்தில் ரோச்சோர் கால்வாய் வட்டாரத்தில் எந்தச் சந்தில் தண்ணீர் தேங்கினாலும் அவருடைய கூட்டத்தைத்தான் அனுப்புவார்கள். மூடியைத் தூக்கி, மார்பளவு இறங்கி, கையால் அள்ளிப் போடுகிற வேலை. அந்தக் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தமிழர் கடைகள் சிலவற்றில் தனிக் கிளாஸ் வைத்திருந்தார்கள்.

மகன் அந்த வேலைக்குப் போகவில்லை. ஜாலான் புசாரில், தாவ்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தான். தாவ்கேக்குத் தேவைப்பட்டதெல்லாம் ரேடியோ பேச வேண்டும் என்பது மட்டும்தான். பழுது பார்க்கிறவன் யார் மகன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டு வாக்கில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வழியாக ஒரு பைத்தியம் ஊருக்குள் பரவியது. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கம்பை நிறுத்தி, ஒற்றைக் கயிற்றைக் கட்டி, இழுத்து இழுத்து விட்டால் 'டொம் டொம்' என்று ஒரு சத்தம் வரும். சேதுபதி அப்பாவின் பழைய துடைப்பக் கட்டையை எடுத்து அப்படி ஒன்று செய்தான். அவனுடைய கூட்டாளி முகம்மது யூசுப், சிராங்கூன் ரோட்டில் தன் மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவன், மலிவான கிட்டார் ஒன்று வைத்திருந்தான். ஃபேரர் பார்க் திடலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் வாசிப்பார்கள். யூசுப்பின் விரல் எங்கே போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. சேதுபதிக்கு அது பிடித்திருந்தது. அந்த அடிச்சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடும். கூட்டத்தில் கால் தானாக ஆடுவது அதனால்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

பிறகு உண்மையான பாஸ் கிட்டார் ஒன்றைச் செலேத்தார் விமானத் தளத்தில் ஒரு சிப்பாயின் கையில் பார்த்தான். நான்கே கம்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம், ஜெர்மனியில் செய்தது, ஓரத்தில் கறுப்பும் நடுவில் தேன் நிறமுமாக இருந்தது. அந்தச் சிப்பாய் ஊருக்குத் திரும்பும்வரை இரண்டு வருஷம் காத்திருந்து, சைக்கிளை விற்று, அதை வாங்கினான்.

அதற்கப்புறம் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் எந்தப் பாயில் எது கிடக்கிறது என்று வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பான். பட்டாளம் கழித்துப்போட்ட ஒலிபெருக்கிகள், மூடிப்போன சினிமாக் கொட்டகை ஒன்றிலிருந்து வந்த ஆம்பிளிபயர், செய்தித்தாளில் சுற்றிய வால்வுகள், செங்கல்லைவிடக் கனமான டிரான்ஸ்பார்மர்கள். ஒலிநாடாவை வளையமாக ஓடவிட்டு எதிரொலி எழுப்பும் பெட்டி ஒன்றைத் தானே கட்டினான். உடைந்த கட்டிலின் தேக்குப் பலகையை இழைத்து இரண்டாவதாக ஒரு பாஸ் செய்தான். புதுக் கம்பி கிடைக்காத ஊரில் பழைய கம்பிகளைச் சோற்றுப் பானையில் போட்டு வேகவைப்பான். அழுக்குப் போய்ச் சத்தம் பளிச்சென்று திரும்பும்.

"இன்னைக்கி என்ன கொழம்பு, கம்பிக் கொழம்பா?" என்பார் தவசி. பானையை அவரே தேய்த்துக் கழுவுவார். மனைவி இறந்த பிறகு அந்த ஒற்றை அறையில் அவரும் மகனும்தான். சாமான்கள் கட்டிலுக்கடியில் நிரம்பி, கட்டிலுக்கு மேலும் ஏறியபோது அவர் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

யூசுப்பும் சேதுபதியும், டிரம் அடிக்கும் ஆ செங் என்ற பையனும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். வாசிக்க இடம் கிடைக்கவில்லை. அறுபத்தாறாம் ஆண்டு அக்டோபரில்தான் பீச் ரோடு பக்கம் ஒரு நடன அரங்கின் மேலாளர், ஞாயிற்றுக்கிழமை மத்தியான நடனத்துக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். பிடித்தால் வாராவாரம். ஒரே நிபந்தனை: பாஸ் சத்தம் தரையை அதிரவைக்க வேண்டும். அது சேதுபதியின் சாமான்களால் மட்டும்தான் முடியும்.

அந்தச் சாமான்கள் அப்போது வீட்டில் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் முல்லை நாடக மன்றத்தார் அவனைத் தேடி ரேடியோ கடைக்கே வந்திருந்தார்கள். தீபாவளிக்கு ஒரு சீர்திருத்த நாடகம் போடப்போகிறார்கள், சினிமாவில் வருகிற மாதிரி பின்னணிக்கு அடிச்சத்தம் வேண்டும். மன்றத்தின் பொருளாளர் பாலகிருஷ்ணன், ஒரு கம்பெனியில் தலைமைக் கிளார்க்கு, நாடகத்தில் சாதியை எதிர்த்து முழங்கும் வாத்தியார் வேஷம் அவருக்குத்தான்.

"பேரு சேதுபதியா? ராமநாதபுரமா தம்பி?"

"ஆமாண்ணே."

"பேரே சொல்லுதே. அப்பா என்ன பண்றாங்க?"

"முனிசிபல்ல."

"கிளார்க்கா?"

சேதுபதி பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. "ம்" என்றான். அது போதுமானதாக இருந்தது. நம் ஆட்களுக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் அதிலிருந்து தாத்தா, வயல், வம்சம் எல்லாவற்றையும் அவர்களே முளைக்க வைத்துக்கொள்வார்கள்.

மன்றத்தில் அவனுக்கு எல்லோரும் குடிக்கிற அதே வெள்ளி நிற டம்ளரில் தேநீர் வந்தது. "தம்பி சேதுபதி, இப்படி உக்காரு" என்றார்கள். தமிழர்கள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்ப் பாட்டுக்கு வாசித்தான். வீட்டறை ஒழுகுகிறது, குவாட்டர்ஸில் சத்தம் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லித் தன் சாமான்கள் அத்தனையையும் மன்றத்தின் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டான்.

"எங்க மாமா கடை மாடி சும்மாத்தான் கெடக்கு. அங்க வைடா," என்றான் யூசுப்.

"மன்றத்துல நல்ல எடம்டா. பூட்டுச் சாவி இருக்கு."

"எடம் நல்லாருக்கா, இல்ல அவங்க 'தம்பி தம்பி'ங்கறது நல்லாருக்கா?"

சேதுபதி சிரித்து மழுப்பினான். யூசுப் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

நடன அரங்கில் வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. முந்தின நாள் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. மேடையில் கடவுளையே கேள்வி கேட்கும் நாடகம் எழுதியிருந்தாலும், மன்றத்தில் பூஜை உண்டு. அந்த முரண்பாடு யாருக்கும் உறுத்தவில்லை. பின்னறையில் படம் வைத்து, ஆர்மோனியம், தபேலா, நாடகப் பிரதி எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கினார்கள். சேதுபதியின் சாமான்கள் கனமானவை. தரையில் பாய் விரித்து வைத்தார்கள். தேன் நிறப் பாஸ் படத்துக்கு நேர் கீழே படுத்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனப் பொட்டு விழுந்தது. கற்பூரம் காட்டினார்கள். இனி மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. காலையில் எடுத்துக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போக யூசுப் மாமாவின் வேன் வருவதாக ஏற்பாடு.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது.

மன்றம் இருந்தது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு தாழ்வான சந்தில். கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்து வந்தால் கால்வாய்த் தண்ணீர் எதிர்த்து ஏறும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பூஜை. வெட்டிப்போட்ட வாழைக்கன்றுகளும் மாலைகளும் சாக்கடைக்குள் போய் அடைத்துக்கொண்டன. அரை மணியில் கடை வாசல்களை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையைத் தண்ணீர் தொட்டது. முனிசிபல் வண்டி ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் தவசி.

வாசலில் மன்றத்தாரோடு நின்றிருந்த மகனை அவர் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட திருநீறு. பார்வை ஒரு கணம்கூட நிற்கவில்லை. மூடியைத் தூக்கி உள்ளே இறங்கினார். வாழைத்தண்டுகளை வெளியே எறிந்தார். ஏறி வரும்போது கால் வழுக்கியது. சேதுபதி யோசிக்கவில்லை, குனிந்து கையை நீட்டினான். அவர் அதைப் பிடித்து மேலே வந்தார்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் தவசி.

அவர் முந்திக்கொண்டுவிட்டார். அவனுடைய பொய்யை அவன் கேட்காமலேயே காப்பாற்றிக் கையில் கொடுத்துவிட்டார். இனி அதை உடைக்க வேண்டுமானால் அவன்தான் உடைக்க வேண்டும்.

தவசி எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, கீழ இன்னும் ஒரு பெரிய அடைப்பு இருக்கு. கடலும் ஏறுது. தண்ணி உள்ள வந்துரும். தரையில இருக்கறத மேல தூக்கி வச்சிருங்க."

"உன் வேலையப் பாருய்யா," என்றார் பாலகிருஷ்ணன்.

சேதுபதி பின்னறைப் பக்கம் திரும்பினான். பாலகிருஷ்ணன் குறுக்கே வந்தார்.

"எங்க போற? பூஜையில வச்சத இப்ப எப்படித் தொடுவ?"

"எல்லாம் கரண்டுச் சாமான்ணே. தண்ணி பட்டாப் போச்சு. நாளைக்கி எனக்கு வாசிப்பு இருக்கு."

"சரஸ்வதி பாத்துக்குவா."

ஆர்மோனியக்காரர் தங்கராஜு கொஞ்சம் நியாயம் தெரிந்தவர். "இப்பவே ஒரு கற்பூரத்தக் காட்டிட்டு எடுத்தாப் போச்சு லா. மறுபூஜைன்னு நெனச்சுக்குவோம். என் பெட்டியும் உள்ள இருக்கு பாருங்க," என்றார்.

பாலகிருஷ்ணன் யோசித்தார். "சரி, எடுங்க. ஆனா இவன் உள்ள போகக் கூடாது. சாக்கடை ஆளைத் தொட்டுட்டு நிக்கிறான் பாரு, கையெல்லாம் சேறு. சாமி அறைக்குள்ள அப்படியேவா போவான்? தம்பி, போயி பின்னால குழாய்ல குளிச்சிட்டு வா."

"அதுக்குள்ள நீங்க யாராவது தூக்கி மேசையில..."

"உன் கரண்டுப் பெட்டியத் தொட்டு நாங்க சாகவா? நீ சட்டுனு போயிட்டு வா. ரெண்டு சொம்பு ஊத்திக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

மேடையில் 'மனிதனுக்கு மனிதன் தீட்டா?' என்று தொண்டை புடைக்கக் கேட்கப்போகிற மனிதர் இவர்தான். ஒத்திகையில் அந்த இடத்துக்குச் சேதுபதிதான் பாஸ் வாசித்திருந்தான்.

சேதுபதி வாசலைப் பார்த்தான். ஒரே வாக்கியம் போதும். 'இவர் என் அப்பா.' அல்லது அதுகூட வேண்டாம். பாலகிருஷ்ணனை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே போனால் போதும். மெலிந்த மனிதர், விழுந்திருப்பார். தவசி அவனைப் பார்க்கவில்லை. மறுபடியும் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய அடைப்பை எடுக்க, தாடைவரை முங்கி, இரண்டு கையாலும் அடியில் துழாவிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள், "மேல வாண்ணே, இழுத்துட்டுப் போயிரும்" என்று கத்தினார்கள். அவர் வரவில்லை. அந்தச் சந்தில் அந்தப் பாஸைக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

சேதுபதி குளிக்கப் போனான்.

அவன் கடவுளை நம்பியவன் அல்ல. தீட்டை நம்பியவனும் அல்ல. யாராவது தர்க்கம் பேசினால் வெட்டிப் பேசக்கூடியவன். ஆனாலும் கால்கள் போயின. தலைமுறை தலைமுறையாக 'தள்ளி நில்' என்றால் தள்ளி நின்ற கால்கள். வானம் பார்த்த பின்கட்டில், கொட்டுகிற மழையில், குழாயடியில் உட்கார்ந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டான். முற்றத்துச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு ஏறி அவன் கணுக்காலைச் சுற்றியது.

"தலையோட ஊத்து," என்று உள்ளிருந்து பாலகிருஷ்ணன் குரல் கொடுத்தார். ஊற்றினான்.

திரும்பி வந்தபோது பின்னறைத் தரை தெரியவில்லை. தங்கராஜு ஆர்மோனியத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியேறினார். தபேலாவை முன்பே வெளியே கொண்டுபோயிருந்தார்கள். சரஸ்வதி படத்தைப் பாலகிருஷ்ணன் மார்போடு அணைத்தபடி நாற்காலிமேல் நின்றார். கொட்டகை ஆம்பிளிபயர் பாதிக்கு மேல் முங்கியிருந்தது. ஒலிபெருக்கிகளின் காகிதக் கூம்புகள் ஊறிக் கிழிந்து தொங்கின. எதிரொலிப் பெட்டியிலிருந்து பழுப்புநிற நாடா அவிழ்ந்து சாமந்திப் பூக்களோடு சுழன்றது. தேன் நிறப் பாஸ் மிதந்துபோய் மேசைக்கால்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. அவன் அதை இழுத்துத் தூக்கியபோது அதன் உடலிலிருந்து சாக்கடைத் தண்ணீர் கொட்டியது. கழுத்து, பசை விட்டு, கையோடு தனியாக வந்தது. தேக்குப் பாஸ் மட்டும் முழுசாக இருந்தது. அதை வாசிக்க ஒரு பெட்டி இல்லை.

"போகட்டும் தம்பி. சரஸ்வதியே எடுத்துக்கிட்டா. வேற நல்லது குடுப்பா," என்றார் பாலகிருஷ்ணன் நாற்காலிமேல் நின்றபடி.

மறுநாள் யூசுப் வேனோடு வந்தான். சேற்றுக் கோடு படிந்த சுவரையும், ஐந்தடிப் பாதையில் பிரித்துக் காயப்போட்டிருந்த டிரான்ஸ்பார்மர்களையும் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். முதலில் சிரித்தான். பிறகு அவனால் சிரிக்க முடியவில்லை.

"தண்ணி உள்ள வருது. ஒன் சாமான் உள்ள கெடக்கு. நீ குளிக்கப் போனியா?"

சேதுபதி ஒரு டிரான்ஸ்பார்மரை வெயில் பக்கம் திருப்பி வைத்தான்.

"அவன் குளின்னா நீ குளிச்சுருவியாடா? ஒங்கப்பனத் தொட்டதுக்கா?"

யூசுப்பும் ஆ செங்கும் எங்கோ ஓடி ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கிப் பார்த்தார்கள். தேக்குப் பாஸின் சத்தம் அதில் கொசு மாதிரி கேட்டது. மேலாளர் இரண்டு பாட்டோடு கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் வேறு குழு வாசித்தது. சில மாதத்தில் யூசுப்பும் வேறு குழுவில் சேர்ந்தான். சேதுபதியைக் கூப்பிடத்தான் செய்தான். இவன் போகவில்லை.

தீபாவளிக்கு மன்றத்தின் நாடகம் நடந்தது. பாலகிருஷ்ணனின் வசனத்துக்குக் கைதட்டல் அரங்கைப் பிளந்தது என்று தங்கராஜு ரேடியோ கடைக்கு வந்து சொன்னார். சேதுபதி யாருடைய மகன் என்பது மன்றத்தாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த ரகசியம் மட்டும் வெள்ளத்தில் நனையாமல் தப்பித்தது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது?

காய்ந்த வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தான். சில வேலை செய்தன. அவற்றைக் கடைக்கு வரும் ரேடியோக்களில் போட்டுத் தீர்த்தான். சுங்கை ரோட்டுக்குப் போவது நின்றது. தேக்குப் பாஸின் கம்பிகள் துருவேறின. அவற்றை அவன் வேகவைக்கவில்லை. தவசி பானையை அடுப்பில் வைத்து வெந்நீர் கொதித்தபின், "கம்பி எதுவும் போடணுமாப்பா?" என்று சில நாள் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை.

அறுபத்தொன்பதில் தோ பாயோவில் வீவகவின், அதாவது அரசாங்கத்தின், அடுக்குமாடி வீடு கிடைத்தது. தவசிக்கு அதற்குள் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. சாக்கடையில் ஊறிய நெஞ்சு. புது வீட்டில் மகனுக்கென்று ஒரு தனியறை இருந்தது. அதில் சாமான் எதுவும் இல்லாததைப் பார்த்தபடி கட்டிலில் படுத்திருப்பார். ஒரு பிற்பகல், சேதுபதி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவர் தானாகப் பேசினார்.

"அன்னைக்கி நா ஒன் கையப் பிடிச்சிருக்கக் கூடாதுப்பா."

சேதுபதி நிமிர்ந்தான்.

"குழியில இரும்புப் படி இருந்துச்சு. அதப் பிடிச்சு ஏறியிருக்கலாம். எட்டுற தூரந்தான். நீ கைய நீட்டுனதும் புத்தி கெட்டுப்போயி பிடிச்சுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தாளு ஒன்னக் குளிக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நா தொடாம இருந்திருந்தா ஒன் பெட்டியெல்லாம் பொழச்சிருக்கும்."

மூன்று வருஷமாக அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பாலகிருஷ்ணனை நினைக்கவில்லை. குளிக்கப் போன மகனை நினைக்கவில்லை. தன்னுடைய கையை.

"அப்படி இல்லப்பா," என்றான் சேதுபதி. அதற்கு மேல் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. தவசி அவற்றுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டார். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். தூக்கத்திலேயே அவர் அதை மெல்ல விடுவித்து இழுத்துக்கொண்டார்.